ஆய்வேட்டிற்கும் ஓர் அரங்கேற்றம் வேண்டும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்றால், கொக்குவில், தாவடி, இணுவில் ஆகிய ஊர்களைக் கடந்து மருதனார்மடம் சந்தியை அடையலாம். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களின் விளைச்சல் வந்து இறங்கும் பெரிய மரக்கறிச் சந்தை அங்கே இருக்கிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்பிள்ளைகளின் கல்விக்காக 1913 இல் நிறுவிய இராமநாதன் கல்லூரியும் அங்கேதான். அவருடைய மருமகன் சு. நடேசபிள்ளை 1960 இல் தொடக்கிய இசைக் கல்லூரி 1975 இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இராமநாதன் நுண்கலைக் கழகமாயிற்று. இன்று அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தனிப் பீடமாக வளர்ந்து நிற்கிறது. மகாராஜபுரம் சந்தானம் போன்ற பெரும் வித்துவான் ஒருவர் தமிழகத்திலிருந்து வந்து அதிபராக இருந்து இசை கற்பித்த இடம் அது.

அதற்குத் தெற்கே அடுத்த ஊர் இணுவில். தவிலும் நாதஸ்வரமும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண். ஈழத்தில் மட்டுமன்றித் தமிழகத்திலும் நாதஸ்வரச் சக்கரவர்த்திகளுக்கு இணையாக வாசித்துப் புகழ்பெற்று, 1975 இல், நாற்பத்திரண்டு வயதளவில் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி பிறந்த ஊரும் அதுவே. எழுத்தில் வராத கணக்குகள், கோர்வைகள், சொற்கட்டுகள் எல்லாம் அங்கே பாட்டனின் வாயிலிருந்து பேரனின் விரலுக்கு இறங்கி வந்திருக்கின்றன.

நுண்கலைப் பீடத்திற்கும் இணுவிலுக்கும் இடையே நடந்தே போகலாம். ஆனால் ஆய்வுலகில் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது. அந்தத் தூரத்தைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியைச் சேர்ந்த ஒரு மூத்த தவில் வித்துவானைச் செய்தித்தாளுக்காகச் செவ்வி காணச் சென்றிருந்தேன். எண்பதைத் தாண்டியவர். வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு அவரே பேச்சைத் தொடக்கினார்: "தம்பி, இஞ்சை வாறவை எல்லாரும் கேட்டுக்கொண்டு போகினம். ரேப்பிலை பிடிச்சுக்கொண்டும் போகினம். என்னத்தை எழுதினவை எண்டு ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லேல்லை. நான் சொன்னது சரியா ஏறிச்சோ பிழையா ஏறிச்சோ எண்டு நான் செத்தாப் பிறகு ஆர் பாக்கிறது?"

இக்கேள்வியில் மனத்தாங்கல் இருந்தது. அதைவிட முக்கியமாக ஓர் ஆய்வு நெறிமுறையே இருந்தது. தாளக் கணக்கில் ஓர் அட்சரம் பிசகினாலும் சபையிலேயே பிடிபடும் உலகில் வாழ்ந்த மனிதர் அவர். தம் அறிவு தாம் பார்க்க முடியாத ஓர் ஏட்டில், தாம் சரிபார்க்க முடியாத வடிவில் ஏறிவிட்டதே என்பது அவருடைய கவலை.

நமது பல்கலைக்கழக ஆய்வேடுகளின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். உசாத்துணை நூல்களின் பட்டியலில் நூலாசிரியர்கள் இருப்பார்கள். அதற்குப் பின்னால் தகவலாளர் பட்டியல் என்று ஒன்று இருக்கும். பெயர், வயது, ஊர், செவ்வி கண்ட திகதி. இணுவிலின் வித்துவானும், மட்டக்களப்பின் அண்ணாவியாரும், நாட்டு வைத்தியரும், ஒப்பாரி பாடும் கிழவியும் அங்கே வரிசையாக நிற்பார்கள். ஐம்பது ஆண்டு கற்றதை ஒருவர் சொன்னால் அது தகவல். அதையே கேட்டு எழுதியவர் சொன்னால் அது அறிவு. இந்தப் பாகுபாட்டை நாம் ஒருமுறையேனும் நின்று கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறோமா?

உலகின் வேறு பகுதிகளில் கேட்டிருக்கிறார்கள். நியூசிலாந்தின் மாவோரி அறிஞர் லிண்டா துகிவாய் சிமித் 1999 இல் வெளியிட்ட நூல் இத்துறையில் ஒரு திருப்பம். ஆய்வு என்ற சொல்லே பூர்வகுடிகளின் காதில் மிக அழுக்கான சொல்லாக ஒலிக்கிறது என்று அவர் எழுதினார். மண்டையோட்டை அளந்தவரும், பாட்டைப் பதிவுசெய்தவரும், நிலத்தை வரைபடமாக்கியவரும் ஆய்வின் பெயராலேயே வந்தார்கள். கொண்டு போனவை திரும்பவில்லை. யாருக்காக இவ்வாய்வு, யார் கேட்ட கேள்வி இது, விடை யாருக்குச் சொந்தம் என்று கேட்கும் ஆய்வு மரபை மாவோரிகள் தங்கள் மொழியிலும் முறையிலும் கட்டியெழுப்பினார்கள். கனடாவின் முதற்குடிகள் 1998 அளவில் தம்மைப் பற்றிய தரவுகளுக்கு நான்கு நெறிகளை வகுத்தனர்: உடைமை, கட்டுப்பாடு, அணுகும் உரிமை, கைவசம் வைத்திருத்தல்.

இவை வெறும் தத்துவ விவகாரங்கள் அல்ல. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஹவாசுப்பாய் என்றொரு சிறு பூர்வகுடி உண்டு. அவர்களிடையே நீரிழிவு மிகுந்திருந்ததால், அதை ஆராய்வதாகச் சொல்லி 1990 முதல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரத்தம் எடுத்தார்கள். பின்னர் அதே இரத்தத்தை மனநோய் பற்றியும், அம்மக்களின் ஆதி இடப்பெயர்வு பற்றியும் ஆராயப் பயன்படுத்தினார்கள். கொடுத்தவர்களைக் கேட்கவில்லை. வழக்கு நடந்து, 2010 இல் ஏழு இலட்சம் டொலர் இழப்பீட்டுடன் எஞ்சிய இரத்த மாதிரிகளும் திருப்பிக் கொடுக்கப்பட்டன. ஒரு மக்கள் கூட்டம் தன் இரத்தத்தை ஆய்வுகூடத்திலிருந்து மீட்டெடுக்க நேர்ந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மாவோரிகளின் நிலையும் நம்முடைய நிலையும் ஒன்றல்ல. இத்தீவில் ஆதிவாசிகள் என்ற சொல் வேடர்களையே முதலில் குறிக்கும். செலிக்மன் தம்பதியினர் 1911 இல் அவர்களைப் பற்றிப் பெருநூல் எழுதினார்கள். கிழக்குக் கரையோரத்தில் தமிழ் பேசி வாழும் வேடர் சமூகங்களை நோக்கி வினாக்கொத்தோடு செல்லும்போது, தமிழராகிய நாமும் வெளியார்தாம். ஆகவே 'சுதேச ஆய்வு முறை' என்று பேசுவோர், ஒரு கண்ணை மேற்கு நோக்கியும் மறு கண்ணை நம்மை நோக்கியும் வைத்திருத்தல் வேண்டும்.

சரி, நமக்கென்று ஆய்வை மதிப்பிடும் முறை ஏதும் இருந்ததா? இருந்தது என்பதே என் எண்ணம். அதன் பெயர் அரங்கேற்றம்.

இன்று அச்சொல்லைப் பரதநாட்டிய மேடைக்கு ஒதுக்கிவிட்டோம். புலம்பெயர் நாடுகளில் மண்டபம் எடுத்து, விருந்து வைத்து, வாழ்த்துரை கேட்பதே அரங்கேற்றம் என்றாகிவிட்டது. முன்னாளில் அது சோதனை. நூல் எழுதினால் மட்டும் போதாது. அறிந்தோர் கூடிய அவையில் அதை வாசித்து, தடை எழுப்புவோருக்கு விடை சொல்லி, அதன் பின்பே அது நூலாகும். தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானின் கேள்விகளுக்கு விடைசொல்லி அரங்கேறியதாக அதன் பாயிரம் கூறுகிறது. காஞ்சியிலே கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, முதற் செய்யுளின் முதற் புணர்ச்சிக்கே இலக்கண விதி எங்கே என்று அவையிலிருந்து ஒருவர் எழுந்து தடுத்தார் என்பது கதை. முருகன் எடுத்துக் கொடுத்த அடி என்று சொல்லியும் அவை இணங்கவில்லை. சோழநாட்டிலிருந்து வந்த ஒருவர் வீரசோழியத்தில் விதியைக் காட்டிய பிறகே அரங்கேற்றம் தொடர்ந்தது. வந்தவர் முருகனே என்பார்கள். கதையைக் கதையாகவே எடுத்துக்கொள்வோம். ஆனால் தெய்வமே அடியெடுத்துக் கொடுத்தாலும் சான்று காட்டித்தான் ஆகவேண்டும் என்று எண்ணிய ஒரு சமூகம்தான் இப்படியொரு கதையைச் சொல்லியிருக்க முடியும்.

அதே கந்தபுராணம் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் படனமாக வாழ்ந்தது. ஒருவர் செய்யுளை வாசிப்பார், மற்றவர் பயன் சொல்வார். மண்டபத்தூணில் சாய்ந்திருக்கும் முதியவர் ஒருவர் இடைமறித்து, அப்படியல்ல என்பார். பயன் சொன்னவர் நின்று விடை தரவேண்டும். தோட்டத்திலிருந்து கைகால் கழுவிக்கொண்டு வந்தவரும் கேள்வி கேட்ட அவை அது.

நவீன காலத்தில் இம்மரபின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு விபுலாநந்த அடிகள். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியான அவர், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் உரைகளையும் ஒரு கையிலும், கணிதத்தையும் ஒலியியலையும் மறு கையிலும் வைத்துக்கொண்டு, மறைந்துபோன யாழைப் பல்லாண்டு உழைப்பில் மீட்டெடுக்க முயன்றார். அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர். விரும்பியிருந்தால் ஆங்கிலத்தில் எழுதி மேலைநாட்டு ஆய்விதழ்களுக்கு அனுப்பியிருக்கலாம். அவரோ தமிழில் எழுதி, 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், புலவரும் இசைவாணரும் கூடிய அவையில் யாழ்நூலை அரங்கேற்றினார். சில வாரங்களில் மறைந்தும் போனார். நவீன விஞ்ஞானம் பயின்ற ஒருவர் தம் ஆய்வைப் பண் அறிந்தோர் அவையில் வைத்ததை நாம் பெருமையாகச் சொல்கிறோமே தவிர, ஒரு முறையாகப் பின்பற்றினோம் இல்லை.

இன்று கலாநிதிப் பட்ட ஆய்வேடு ஒரு மூடிய அறையில், மூன்று நான்கு பேர் முன்னிலையில், வாய்மொழிப் பரீட்சையோடு முடிகிறது. அப்பரீட்சை தேவையானதே, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தவில் பற்றிய ஆய்வேட்டைச் சோதிக்கும் அறையில் தவில் வாசிக்கும் ஒருவருக்கும் ஒரு நாற்காலி வேண்டாமா?

முப்பது ஆண்டுகளாகச் செய்தித்தாளில் காலம் தள்ளிய என் போன்றவர்களுக்கு இது விசித்திரமாகவே தோன்றும். நாம் இரவு எழுதுவது விடியற்காலையில் மருதனார்மடம் சந்தைக்கு வந்துவிடும். வெங்காயப் பிடிக்கு விலை பேசிக்கொண்டிருப்பவர், "நீர் எழுதினது பிழை, நான் அந்த இடத்திலை நிண்டனான்" என்று தெருவிலேயே பிடித்துக்கொள்வார். பத்திரிகையாளனின் அறிவு பெரிதன்று. ஆயினும் அவனுக்கு அன்றாடம் ஓர் அரங்கேற்றம் உண்டு. ஆய்வாளருக்கு அது இல்லை.

மக்கள் அவைக்கு அறிவியல் தெரியுமா என்று கேட்கலாம். மருதனார்மடத்துக்கு வடக்கே அடுத்திருக்கும் சுன்னாகத்தைப் பாருங்கள். குடாநாட்டுக்கு ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மழைநீரே கிணறுகளின் ஊற்று. அதுவே குடிநீர், அதுவே தோட்டநீர். சுன்னாகம் மின்நிலையப் பகுதியின் கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறது என்பதை வாளியை இழுத்து முகர்ந்து பார்த்தவர்களே முதலில் சொன்னார்கள். நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் சோதனைகளும் எண்ணெய்க் கலப்பைக் காட்டின. வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் முடிவோ வேறாக இருந்தது. எதை நம்பிக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுப்பது என்று தாய்மார் தவித்தார்கள். இறுதியில் 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம், நிலத்தடி நீர் மாசுக்கு அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனத்தைப் பொறுப்பாக்கி, 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது.

முகர்ந்து பார்த்தால் போதும், ஆய்வுகூடம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில், எந்த ஆழத்தில் நீர் எடுக்கவேண்டும் என்று தீர்மானிக்கும்போதே அக்கிணற்றுக்காரரும் உடனிருந்திருந்தால், முடிவுகள் அவர் முன்னிலையிலேயே விளக்கப்பட்டு அவருடைய கேள்விகளுக்கு விடை சொல்லப்பட்டிருந்தால், ஊர் இவ்வளவு குழம்பியிராது. அறிவியலும் அதனால் வலுப்பெற்றிருக்கும்.

சுதேச முறை என்றால் மேற்கைத் தள்ளுவது என்று சிலர் எண்ணுகிறார்கள். அதுவும் சரியன்று. யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரான பேராசிரியர் கைலாசபதியும், பேராசிரியர் சிவத்தம்பியும் பேர்மிங்காம் சென்று ஜோர்ஜ் தொம்சன் என்ற கிரேக்கப் பேராசிரியரிடம் ஆய்வு செய்தவர்கள். தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றி 1968 இல் வெளிவந்த கைலாசபதியின் நூல் அவ்வாறு பிறந்ததே. இவர்களை நாம் அறிவோம். தொம்சனின் மறுபக்கத்தை அறிந்தவர் சிலரே. அவர் 1923 இல் அயர்லாந்தின் மேற்கே பிளாஸ்கட் என்ற சிறு தீவுக்குச் சென்று, மீன்பிடித்து வாழ்ந்த மக்களிடம் ஐரிஷ் மொழி கற்றவர். அங்கே மொரிஸ் ஓ'சலிவன் என்ற இளைஞரோடு நட்புக் கொண்டார். அத்தீவு வாழ்க்கையை நீயே எழுது என்று தூண்டி, 1933 இல் அந்நூல் வெளிவர உதவி, ஆங்கிலமாக்கத்திலும் பங்குகொண்டார். தொம்சனின் ஆய்வேட்டில் தகவலாளராக நின்றிருக்கக்கூடிய ஒருவர் இன்றுவரை வாசிக்கப்படும் ஒரு நூலின் ஆசிரியரானார். நமது பேராசான்களின் ஆசான் செய்து காட்டிய இந்தக் காரியம் நமது பல்கலைக்கழகங்களுக்கு வந்து சேரவில்லை.

முழுவதும் வந்து சேரவில்லை என்றாலும் அநீதியாகிவிடும். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் அண்ணாவிமாரை அழைத்து, மாணவரைக் கூத்துப் பழக வைத்து, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றை மேடையேற்றினார். கற்றோர் ஏளனமாகப் பார்த்த கூத்துக்கு மதிப்பு வந்தது. அதில் ஆடிய மாணவரான மௌனகுரு, பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தார். ஆடியவரே ஆராய்ந்தார் என்பது பெரிய மாற்றம். ஆயினும் விடியவிடிய ஆடும் கூத்து மண்டப மேடைக்காகச் சுருங்கியபோது, எதைச் சுருக்குவது என்று தீர்மானித்தது பல்கலைக்கழகமே.

2000களின் தொடக்கத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர் மட்டக்களப்பின் சீலாமுனையில் வேறொரு வழியில் சென்றார். கூத்தை மேடைக்குக் கொண்டு வராமல், கூத்தர்களோடு அவர்களுடைய களரியிலேயே இருந்து, எதை வைப்பது, எதை மாற்றுவது என்பதை ஊரே விவாதித்து முடிவு செய்யும் மீளுருவாக்கம் அது. கூத்துப் பிரதிகளில் சாதியும் பெண்ணும் சித்திரிக்கப்படும் விதமும் அங்கே விவாதமாயிற்று. அவருடைய எல்லா முடிவுகளோடும் நான் உடன்படுபவன் அல்லன்; ஆய்வாளர் ஊருக்குள் மாணவனாகவும் சகபாடியாகவும் நுழைய முடியும் என்று காட்டியதே அதன் பயன்.

இனி, இதற்கு எழும் வலுவான தடையைப் பார்ப்போம். ஊர் அவையில் ஆய்வை வைத்தால், ஊர் தனக்கு ஒவ்வாத உண்மையை அழித்துவிடாதா? யாழ்ப்பாணத்தில் சாதி பற்றி எழுதும் ஒருவர், தம் ஏட்டைக் கோயில் மண்டபத்தில் வாசித்துவிட்டு முழுதாக வீடு திரும்புவாரா? இது வெறும் கற்பனைப் பயமன்று. இதே காங்கேசன்துறை வீதியின் வடகோடியில் உள்ள மாவிட்டபுரத்தில், 1968 இல் ஒடுக்கப்பட்ட மக்கள் கோயிலுக்குள் நுழைய முயன்றபோது கதவுகள் அடைக்கப்பட்டன. புராண படனத்தின் அவையை நான் மேலே புகழ்ந்தேன். அம்மண்டபத்துக்குள் கால்வைக்க முடியாதிருந்தவர் யார் என்பதையும் சொல்லியே ஆகவேண்டும். பெண்கள் கேட்டார்கள், கேள்வி கேட்டதில்லை.

ஆகவே பழைய அவையை அப்படியே தூக்கி வரமுடியாது. இரண்டு திருத்தங்கள் வேண்டும். முதலாவது, அவை என்றால் எல்லோரும் அமரும் அவை. கோயில் மண்டபம் வேண்டாம். சனசமூக நிலையத்தில் நடக்கட்டும். ஒரு பகுதியார் வரத் தயங்கினால் அவர்களுடைய பகுதியில் இன்னொரு நாள் நடக்கட்டும். இரண்டாவது, அரங்கேற்றம் என்பது அனுமதி கேட்பதன்று. தடை சொல்பவர் சான்று காட்டட்டும். ஆய்வாளர் விடை சொல்லட்டும். இணக்கம் வராவிடின், அத்தடையும் விடையும் ஆய்வேட்டின் பின்னிணைப்பாக அச்சேறட்டும். அழிப்பதற்கு எவருக்கும் அதிகாரம் இல்லை; மறுப்பதற்கு எல்லோருக்கும் உண்டு. இரகசியமாகச் சொன்னவரின் பெயரும் அடையாளமும் காக்கப்படவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவற்றையெல்லாம் ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன்? 2009 க்குப் பின் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வினாக்கொத்துகள் மழைபோல் பெய்தன. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கொட்டகை அமைத்துப் போராடத் தொடங்கிய பின், அத்தாய்மாரிடம் அதே கேள்விகளை எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். மகனை இறுதியாகப் பார்த்தது எப்போது? என்ன உடை அணிந்திருந்தான்? ஒவ்வொரு முறையும் அவர்கள் அந்த நாளுக்குத் திரும்பிப் போய்வர வேண்டியிருக்கிறது. அவர்களில் பலர் விடை காணாமலே இறந்துபோனார்கள். அவர்கள் சொன்னவை யாருடைய கணினியில் இருக்கின்றன? அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அவற்றை வாசிக்க முடியுமா? இப்போது பல வீடுகளில் ஆய்வு என்றதுமே படலை சாத்தப்படுகிறது. அப்படிச் சாத்துபவர்களை நான் குறைகூறமாட்டேன். ஆனால் அப்படலைகளுக்குப் பின்னால் ஒரு தலைமுறையின் அறிவும் நினைவும் அடைபட்டுப் போகின்றன.

செய்யக்கூடியவை எளியவையே. ஆய்வுக் கேள்வியை முடிவு செய்யுமுன் சம்பந்தப்பட்டவர்களோடு ஒருநாள் இருந்து, நீங்கள் எதை அறிய விரும்புகிறீர்கள் என்று கேட்கலாம். அறிவின் பெரும்பகுதியைத் தந்தவரைத் தகவலாளர் பட்டியலில் விடாமல், அவர் விரும்பினால், முதற்பக்கத்துக்குக் கொண்டு வரலாம். ஏடு எந்த மொழியில் இருந்தாலும் ஊருக்குத் தமிழில் ஒரு வடிவம் கொடுக்கலாம். அதன் பிரதியை ஊர் வாசிகசாலையிலும் பாடசாலையிலும் வைக்கலாம். 2005 இல் தொடங்கி நம் எழுத்துகளைச் சேர்த்துவரும் நூலகம் இணையத்தளத்திலும் ஏற்றலாம். ஒரே கட்டடத்தில் எல்லாவற்றையும் வைத்திருப்பதன் விலை என்ன என்பதை 1981 இல் 97,000 நூல்களோடு கற்றவர்கள் நாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டம் வழங்குமுன் ஒரு மாலைப்பொழுதை அரங்கேற்றத்துக்கென்று விதியாக்கலாம்.

இதை வேறெங்கும் தேடிப்போய்த் தொடங்க வேண்டியதில்லை. மருதனார்மடத்து நுண்கலைப் பீடத்தில் தவில் பற்றியோ நாதஸ்வரம் பற்றியோ அடுத்து எழுதப்படும் ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு, மாணவரும் மேற்பார்வையாளரும் இணுவிலுக்கு ஒரு மாலை நடந்து போகட்டும். வித்துவான்கள் முன்வரிசையில் இருக்கட்டும். மாணவர் தாம் எழுதியதை வாசிக்கட்டும். கணக்குப் பிசகும் இடத்தில் ஒரு முதியவர் தொடையில் தாளம் போட்டுக்காட்டி, "அப்பிடியில்லைத் தம்பி, திருப்பி வாசியும்" என்று சொல்லட்டும். அந்தத் திருத்தம் ஏறிய பிறகு அவ்வேட்டுக்குப் பட்டம் கொடுக்கலாம்.